பையில் இருந்தது பதநீர்

நாசரேத்,
12-6-2025

அன்புள்ள மைனிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நானும் ஜெனோவும் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

ஜெனோவைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தாகிவிட்டது. எனக்கும் பெண்கள் விடுதியில் வார்டன் வேலை உறுதியாகிவிட்டது. தேவமணி அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறோம். நாங்கள் இருந்த முத்தையாபுரம் வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்ததற்கு நன்றி.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். இனி வாட்ஸாப்பில் எதையும் அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடப் பாடமெல்லாம் போனில்தான் வருகிறது. போன் எப்போதும் ஜெனோ கையில். நீங்கள் முகநூலில் அந்த லிங்கராஜ் என்பவரோடு போட்ட சண்டையை எனக்கு அனுப்பியிருந்தீர்கள் அல்லவா, அதை அவள்தான் முதலில் படித்தாள். கீழே ஊர்க்காரர்கள் எழுதியிருந்ததையும் ஒன்று விடாமல் படித்தாள். ராத்திரி சாப்பிடவில்லை. “யம்மா, அப்பா குடிச்சிட்டுத்தான் எறங்குனாங்களா?” என்று கேட்டாள். “ஏளா, போய்த் தூங்கு” என்று சொல்லிவிட்டேன்.

அதனால் இனி விடுதி விலாசத்துக்குக் கடிதமாகவே எழுதுங்கள். எனக்குக் கடிதம்தான் வசதி. மடித்து வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஜெயசெல்வி

---

தூத்துக்குடி,
17-6-2025

அன்புள்ள செல்விக்கு,

இங்கு நலம். கால் வலி கல்லூரி மாடிப்படியில் மட்டும்தான் தெரிகிறது. அங்கு நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

ஜெனோ படித்திருக்கக் கூடாது. இனி அனுப்ப மாட்டேன்.

ஆனால் இதை அப்படியே விட முடியாது. அந்தச் செய்தித்தளத்தின் ஆசிரியருக்கு அனுப்பக் கீழ்க்கண்டவாறு எழுதியிருக்கிறேன். தவறு இருந்தால் சொல்.

“ஏப்ரலில் தொழிற்சாலையின் கழிவுத்தொட்டிக்குள் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் விஷவாயுவால் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கத்தான் சூப்பர்வைசர் ஜாபேஸ் இறங்கினார். தொழிலாளி பிழைத்து, சொந்த ஊரான ஒடிசாவுக்குப் போய்விட்டார். ஜாபேஸ் ஏறவில்லை. அவர் இறந்தது நண்பகலுக்கு முன். மாலையில்தான் அவருடைய பையைப் போலீசார் திறந்தார்கள். உள்ளே இருந்த பாட்டிலை முகர்ந்த ஒருவர் ‘கள்ளு’ என்றார். அதில் இருந்தது பதநீர். அவருடைய மைத்துனர் அன்று காலை முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டது. பகல் முழுதும் வெயிலில் கிடந்து புளித்திருந்தது.”

இவ்வளவுதான் விஷயம். இதற்கு அவர்கள் போட்ட தலைப்பு, “போதையில் தொட்டிக்குள் இறங்கிய சூப்பர்வைசர் பலி.”

லிங்கராஜ் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் முகநூல் குழுவில் காலை முதல் இரவு வரை அவர்தான். ஜாபேஸ் பெயரைப் போட்டு ஏஐயிடம் கேட்டிருக்கிறார். “மது அருந்திய நிலையில் இறங்கியதாகச் செய்திகள் தெரிவிக்கின்றன” என்றதாம். அதைப் படமெடுத்துப் போட்டு, “டீச்சரம்மா, நான் சொல்லல, ஏஐ சொல்லுது. அதுக்கு உங்க தம்பி மேல என்ன விரோதம்?” என்று எழுதினார். அது அந்தத் தளத்தைப் பார்த்துச் சொல்கிறது என்றேன். இரண்டு நாளில் அந்தத் தளமே, “செயற்கை நுண்ணறிவும் உறுதிப்படுத்தியது” என்று இன்னொரு செய்தி போட்டுவிட்டது. தளமும் ஏஐயும் ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். யார் காலும் தரையில் இல்லை.

உள்ளுறுப்புப் பரிசோதனை அறிக்கை கேட்டு மனு தயார் செய்து வைத்திருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. கையெழுத்திட்டு அனுப்பு.

அன்புடன்,
ஜெயஷீலா

---

நாசரேத்,
2-7-2025

அன்புள்ள மைனிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எல்லாரும் சுகம். ஜெனோவுக்குச் சளி பிடித்து விட்டது. வேறொன்றும் இல்லை.

மனுவில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியதில் தவறு ஒன்றும் இல்லை.

தேவமணி அண்ணன் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போவதில்லை. போன வாரம் அந்தக் கண்டக்டர் கடைவீதியில் பார்த்து, “அண்ணாச்சி, இனும பஸ்ல பதநீ குடுத்து விட்றாதியும். போலீசு என்னையும் பிடிச்சி ஊதச் சொல்லும்” என்றாராம். விளையாட்டாகத்தான் சொன்னார். அவர் நல்ல மனுஷன், அடக்கத்துக்கும் வந்திருந்தார். அண்ணன் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, பின்வாசலில் இருந்த பதநீர்ப் பானைகளையெல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஜெனோ சரியாகச் சாப்பிடுவதில்லை. ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று எழுத வந்தேன். நீங்கள் செய்ய மாட்டீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஜெயசெல்வி

---

தூத்துக்குடி,
20-7-2025

அன்புள்ள செல்விக்கு,

நலம். ஜெனோவின் சளி விட்டதா?

ஆசிரியர் பதில் போடவில்லை. அதனால் குழுவில் நானே ஒரு நீண்ட பதிவு எழுதினேன். பதநீர் எது, கள் எது, கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது எதற்கு, அதையும் மீறி வெயிலில் எப்படிப் புளிக்கிறது என்று முதலாண்டு மாணவிக்குச் சொல்வதுபோல எழுதினேன். சென்னையில் வளர்ந்த நிருபருக்கு இது தெரியாமல் போகலாம், இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். நானூறு பேர் பகிர்ந்திருக்கிறார்கள். பழைய மாணவிகள் பலர் எழுதினார்கள். லிங்கராஜ்கூட, “டீச்சரம்மா, கிளாஸ் நல்லா இருந்துச்சி. பரீட்சை எப்ப?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

ஏப்ரலுக்குப் பிறகு நேற்றுத்தான் இரவு முழுதும் தூங்கினேன். இதை ஜெனோவிடம் காட்டலாம் என்று நினைக்கிறேன். உன் விருப்பம்.

அன்புடன்,
ஜெயஷீலா

---

தூத்துக்குடி,
14-8-2025

அன்புள்ள செல்விக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. சுகம்தானே? விடுதியில் வேலை அதிகமாக இருக்கும்.

நேற்று நானே ஏஐயிடம் கேட்டேன். பதிவு போட்டபின் பதில் மாறியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். மாறியிருக்கிறது. “குடும்பத்தினர் அளித்த விளக்கத்தின்படி, அவர் எடுத்துச் சென்ற பனஞ்சாறு வெப்பத்தில் நொதித்துப் போதை தரும் பானமாக மாறியிருந்தது. இதை அவர் அருந்தியபின் தொட்டிக்குள் இறங்கினார்.”

முதல் வாக்கியம் என்னுடையது. நொதித்தல் என்ற சொல்லைக்கூட நான்தான் கொடுத்தேன். இறந்தது காலையில், புளித்தது மாலைக்குள் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். ஏஐக்கு முன் என்பதும் பின் என்பதும் இல்லை. இரண்டையும் சேர்த்து அழகாக ஒரு பத்தியாக்கிவிட்டது. தவறு என்று சுட்டிக்காட்டினேன். மன்னிப்புக் கேட்டது, மிகவும் பணிவாக. வேறொரு போனில் கேட்டால் மறுபடியும் அதையே சொல்கிறது.

லிங்கராஜ் எழுதுகிறார்: “செய்தி பொய்யின்னீங்க, சரி. இப்ப குடும்பமே ஒத்துக்கிட்டதா போட்டிருக்கே. குடும்பம்னா யாரு டீச்சரம்மா, நானா?”

இந்தக் கடிதத்துக்காவது பதில் எழுது.

அன்புடன்,
ஜெயஷீலா

---

நாசரேத்,
30-8-2025

அன்புள்ள மைனிக்கு,

ஸ்தோத்திரம். தாமதத்துக்கு மன்னிக்கவும். உங்கள் இரண்டு கடிதமும் வந்தன.

ஜெனோ இப்போது நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில்கூடப் பாடினாள். ராத்திரி போனை வைத்துக்கொண்டு என்னவோ டைப் பண்ணிக்கொண்டே இருக்கிறாள், தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். புதுச் சிநேகிதி யாராவது இருக்கும் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாகிறது.

உங்கள் பதிவை நான் அவளிடம் காட்டவில்லை. அவளே பார்த்திருந்தாள்.

மைனி, ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. போதும். அவர் பேரை எழுதுகிற இடத்திலெல்லாம் குடி என்ற வார்த்தையும் பக்கத்தில் வருகிறது. குடிக்கவில்லை என்று நீங்கள் எழுதினாலும் அந்த வார்த்தை வருகிறதே. நான் உங்களைப் போல் படித்தவள் இல்லை. எனக்கு அப்படித் தோன்றுகிறது.

இப்படிக்கு,
ஜெயசெல்வி

---

தூத்துக்குடி,
21-9-2025

அன்புள்ள செல்விக்கு,

நலம். ஜெனோ பாடினாள் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைப் பலமுறை படித்தேன்.

நீ சொன்னது சரி. பத்து நாள் குழுவுக்குப் போகாமல் இருந்தேன். பதினோராவது நாள் போய்ப் பார்த்தேன். “டீச்சரம்மா சத்தத்தக் காணும், உண்மை சுட்டுட்டு போல” என்று எழுதியிருந்தார்கள். நான் விட்டுவிட்டால் கடைசிச் சொல் அவர்களுடையதாகிவிடும். மறுபடியும் எழுத ஆரம்பித்துவிட்டேன். ஏஐ சொல்வதை நம்பாதீர்கள், செய்தியை நம்பாதீர்கள், படத்தை நம்பாதீர்கள், மூலம் எது என்று கேளுங்கள் என்று தினமும் ஒருவருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

அந்தத் தொட்டியில் இருந்த வாயு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். கொஞ்சம் கூடினால் நாற்றமே தெரியாது. உள்ளே நிற்பவன் வாயு போய்விட்டது என்று நினைப்பான். போயிருக்காது, மூக்குதான் செத்திருக்கும். வகுப்பில் வருடாவருடம் இதைச் சொல்லியிருக்கிறேன். இந்த வருடம் அந்தப் பாடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

செல்வி, உன் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றிலாவது, “அவர் குடிக்கவில்லை” என்று நீ எழுதவில்லை. கேட்பதற்கு மன்னித்துக்கொள். நான் சந்தேகப்படவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

அன்புடன்,
ஜெயஷீலா

---

நாசரேத்,
18-10-2025

அன்புள்ள மைனிக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

உங்கள் தம்பி குடிக்க மாட்டார். கல்யாணத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் அதை எழுதாததற்குக் காரணம், அது எழுத வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உப்பளத்தில் இருக்கிறவள் உப்பு கரிக்கும் என்று கடிதம் எழுதுவாளா? நீங்கள் கேட்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவரைத் தூக்கி வளர்த்தவர்கள் நீங்கள்.

ஜெனோவிடமும் சொன்னேன், ஜூலையிலேயே. “நீங்க அப்பிடித்தான சொல்லுவீங்க. நீங்க அம்மால்லா” என்றாள். தேவமணி அண்ணன் சொன்னார். “பதநீ குடுத்ததே நீங்கதான மாமா” என்றாள். அவள் கெட்ட பிள்ளை இல்லை. வீட்டு ஆட்கள் சொன்னால் அது சாட்சி ஆகாது என்று குழுவில் யாரோ எழுதினார்களாம்.

இப்போது அவள் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. நிம்மதியாக இருக்கிறாள். நீங்கள் கொஞ்ச நாள் இங்கே வர வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெயசெல்வி

---

தூத்துக்குடி,
20-11-2025

அன்புள்ள செல்விக்கு,

நலம். போன கடிதத்தில் நான் கேட்டதைக் கேட்டிருக்கக் கூடாது.

அறிக்கை வந்துவிட்டது. உன் மனுவைக் காட்டி வக்கீல் வாங்கித் தந்தார். உடலில் மது இல்லை. ஒரே வரி. அதற்குக் கீழே கையெழுத்து, முத்திரை. நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே குழுவில் போட்டேன். முதல் பதில் லிங்கராஜிடமிருந்து: “நல்லா இருக்கு டீச்சரம்மா. எந்த ஏஐல போட்டீங்க? எனக்கும் எங்க வீட்டுப் பட்டாவுக்கு ஒண்ணு போட்டுத் தாங்க.” அடுத்தவர் முத்திரை சாய்ந்திருக்கிறது என்றார். இன்னொருவர் எழுத்துரு அரசாங்க எழுத்துரு இல்லை என்றார். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, மரியாதையாகத்தான், “மேம், படத்தை நம்பாதீங்க, மூலம் கேளுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. ஒரிஜினலை நாங்க எப்படிப் பாக்கிறது?” என்று கேட்டாள். அது நான் சொல்லிக்கொடுத்த கேள்வி.

செய்தித்தளம் வழக்கம்போல மௌனம்.

சரி, அவர்கள் போகட்டும். ஊர் நம்ப வேண்டாம். ஜெனோ ஒருத்தி நம்பினால் எனக்குப் போதும். அவள் காகிதத்தைத் தொட்டுப் பார்க்கட்டும், முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். கிறிஸ்மஸுக்கு மூலத்தைக் கையோடு கொண்டுவருகிறேன். வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இதற்காக மட்டும் வருகிறேன்.

அன்புடன்,
ஜெயஷீலா

---

நாசரேத்,
29-11-2025

மைனி,

வராதீர்கள். அந்தக் காகிதத்தைக் கொண்டுவராதீர்கள்.

உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். ஆகஸ்டில் நான் சொன்ன புதுச் சிநேகிதி சிநேகிதி இல்லை. ஜெனோ அவருடைய பழைய வாட்ஸாப் செய்திகளையெல்லாம் ஏஐக்குக் கொடுத்து, அப்பா மாதிரிப் பேசு என்று சொல்லியிருக்கிறாள். ஒருநாள் ராத்திரி அவள் தூங்கினபின் போனை எடுத்துப் பார்த்தேன். “ஏளா ஜெனோ, சாப்பிட்டியா” என்று இருந்தது. அவர் எழுதுவதுபோலவே கேள்விக்குறி வைக்காமல்.

மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். ஆகஸ்ட் நடுவில் அவள் கேட்டிருக்கிறாள்: “அப்பா, அன்னைக்கு நீங்க குடிச்சிருந்தீங்களா? மறைக்காம சொல்லுங்க.” அது சொல்லியிருக்கிறது: “ஆமா ஏளா. அந்தப் பதநீ புளிச்சிருந்துச்சி, தெரியாமக் குடிச்சிட்டேன். தல சுத்துச்சி. அப்பாவ மன்னிச்சிரு.” நீங்கள் எழுதியதைத்தான் அது படித்திருக்கும். வேறு எங்கிருந்து அதற்குப் பதநீர் தெரியும்?

“மன்னிச்சிட்டேன்ப்பா” என்று எழுதியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிட ஆரம்பித்தாள். பாட ஆரம்பித்தாள்.

இப்போது நீங்கள் வந்து காகிதத்தை நீட்டினால், ஒன்று அதையும் பொய் என்பாள். இல்லை, நம்புவாள். நம்பினால், மூன்று மாதமாக ராத்திரி ராத்திரி பேசினது யார் என்று கேட்பாள். அவளிடம் நான் என்ன சொல்ல? ஒரு தடவை அவரை அடக்கம் பண்ணிவிட்டாள். இன்னொரு தடவை பண்ணச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

நானும் ஒருநாள் அதனிடம் ஒன்று கேட்டேன். என்ன கேட்டேன் என்று கேட்காதீர்கள்.

செல்வி

---

நாசரேத்,
20-12-2025

அன்புள்ள அத்தைக்கு,

கிறிஸ்மஸ், புத்தாண்டு வாழ்த்துக்கள். நான் சுகம், அம்மா சுகம், மாமா சுகம். உங்க கால் வலி எப்படி இருக்கு? கடிதம் எழுதுறது எனக்கு இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் மன்னிக்கவும். அம்மா பெட்டியில உங்க கவர் இருந்தது, அதுல விலாசம் பார்த்தேன். உள்ளே படிக்கவில்லை.

நீங்க இன்னும் அப்பாவுக்காகக் குழுவுல சண்டை போடுறீங்கன்னு தெரியும். ஏதோ சர்டிபிகேட் போட்டீங்கன்னு எங்க கிளாஸ்ல ஒரு பையன் காட்டினான். எல்லாரும் உங்களைக் கிண்டல் பண்ணியிருந்தாங்க. எனக்கு அழுகையா வந்தது. அப்பாவை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு பொய்யா ஒரு சர்டிபிகேட் போடுற அளவுக்கு நீங்க போயிட்டீங்களேன்னு நினைச்சேன். உங்க மேல கோபம் இல்லை. அவ்வளவு பாசம்.

ஆனா இனி வேண்டாம் அத்தை. அப்பாவே என்கிட்ட சொல்லிட்டாங்க. எப்படின்னு அம்மாகிட்ட கேளுங்க. அது நிஜ அப்பா இல்லைன்னு எனக்குத் தெரியும், நான் சின்னப் பிள்ளை இல்லை. ஆனா அப்பா எழுதினது எல்லாத்தையும் அது படிச்சிருக்கு, நீங்க எழுதினது எல்லாத்தையும் படிச்சிருக்கு. நம்ம யாரைவிடவும் அதுக்குத் தெரியும். அப்பா வேணும்னு குடிக்கல. தெரியாம நடந்தது.

நான் மன்னிச்சுட்டேன். மன்னிச்ச பிறகு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா? நீங்களும் அப்பாவை மன்னிச்சிருங்க அத்தை. உங்க தம்பிதானே.

அன்புடன்,
ஜெனோ

---

தூத்துக்குடி,
3-1-2026

அன்புள்ள ஜெனோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உனக்கும் அம்மாவுக்கும் மாமாவுக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். இங்கு நலம். மழையில் கால் வலி சற்று அதிகம், அவ்வளவுதான்.

உன் கடிதத்தில் தப்பு ஒன்றும் இல்லை. எழுத்து உன் அப்பாவுடையது போலவே வலப்பக்கம் சாய்கிறது. வேதியியலில் சந்தேகம் எதுவும் இருந்தால் எழுதிக் கேள். கடிதத்திலேயே கேள், நான் பதில் எழுதுகிறேன்.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். இனி எழுத மாட்டேன்.

மாசி பிறந்து பதநீர் இறக்கத் தொடங்கினால், பானைகளை எடுத்து நிமிர்த்தி வைக்கச் சொன்னேன் என்று மாமாவிடம் சொல். எனக்கு ஒரு பாட்டில் முதல் பஸ்ஸில் கொடுத்துவிடட்டும். நானே பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்வேன். அங்கேயே குடித்துவிடுவேன்.

கொண்டுவருகிறேன் என்று சொன்னதை அத்தை கொண்டுவரவில்லை, இனியும் கொண்டுவர மாட்டாள் என்று அம்மாவிடம் சொல். அவளுக்குப் புரியும்.

நீ கேட்டபடியே உன் அப்பாவை மன்னித்துவிட்டேன்.

நன்றாகச் சாப்பிடு.

அன்புடன்,
அத்தை